வரதட்சணை இல்லை, கைம்மைப்பற்று

"கணவர் இறந்த பிறகு எலிசபெத் தன் வரதட்சணையான ம்யூண்டெனில் வாழ்ந்தார்." ஐரோப்பிய அரச குடும்பங்களைப் பற்றிய ஒரு தமிழ்க் காணொளியில் போன வாரம் காதில் விழுந்த வாக்கியம். அதோடு நிறுத்திவிட்டேன். இந்தப் பிழை எனக்குப் புதிதில்லை. மொழிபெயர்ப்பு நாவலில் பார்த்திருக்கிறேன், வசன வரிகளில் பார்த்திருக்கிறேன். இந்த முறை பொறுக்க முடியவில்லை.

யார் இந்த எலிசபெத்? ஜெர்மனியில் பிராண்டன்பர்கை ஆண்ட முதலாம் யோவாகிமின் மகள், 1510இல் பிறந்தவர். பதினைந்து வயது நிறையும் முன்பே, 1525இல், பிரவுன்ஷ்வைக்-காலன்பர்க் சிற்றரசர் முதலாம் எரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை 1470இல் பிறந்தவர். பெண்ணைவிட நாற்பது வயது மூத்தவர், அதுவும் இரண்டாம் தாரமாக. வெர்ரா, ஃபுல்டா என்ற இரண்டு ஆறுகள் கூடி வேசர் ஆறாகிற இடத்தில் இருக்கிறது ம்யூண்டென். அங்கே கோட்டை எழுப்பியவர் இந்த எரிக்தான். அப்படியானால் யோவாகிம், மாப்பிள்ளையின் ஊரை எடுத்து மாப்பிள்ளைக்கே வரதட்சணையாகக் கொடுத்தாரா? எழுதியவருக்கு இந்தக் கேள்வி வந்திருக்க வேண்டாமா?

பிழை எங்கே நடந்தது என்பது தெளிவு. ஆங்கிலத்தில் 'டவ்ரி' என்று ஒரு சொல், 'டவர்' என்று இன்னொரு சொல். (இரண்டாவதைத் தமிழில் எழுதினால் செல்போன் கோபுரம் ஞாபகம் வருகிறது, அதனாலேயே அதை அப்படியே எழுதிவைக்க முடியாது.) முதலாவது, பெண் வீட்டார் கொடுத்து அனுப்புவது. இரண்டாவது, கணவன் இறந்தால் மனைவி பிழைப்பதற்கென்று கணவன் வீட்டுச் சொத்திலிருந்து ஒதுக்கி எழுதிவைப்பது. இரண்டுக்கும் மூலம் லத்தீன் 'தோஸ்'. ரோமில் அது பெண் வீட்டிலிருந்து வந்தது. ஜெர்மானியர்களைப் பற்றி எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், அவர்களிடம் மனைவி கணவனுக்குக் கொடுப்பதில்லை, கணவன்தான் மனைவிக்குக் கொடுக்கிறான் என்று வியந்து, இரண்டுக்கும் அதே சொல்லையே போட்டார். குழப்பத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வயது.

ஜெர்மன்காரர்கள் இதில் கறாரானவர்கள். பெண் கொண்டுவருவது 'மிட்கிஃப்ட்'. அதற்கு ஈடாகக் கணவன் எழுதிவைப்பது 'விடர்லாகே'. முதலிரவுக்கு மறுநாள் காலை மனைவிக்குக் கொடுப்பது 'மோர்கன்காபே', அதாவது காலைக்கொடை. கைம்பெண் ஆனபின் வாழ்வதற்கான ஊர், கோட்டை, வரி வருமானம் எல்லாம் சேர்ந்தது 'விட்டூம்' அல்லது 'லைப்கெடிங்கெ'. இதில் 'லைப்' என்பது அந்தக் காலத்தில் உயிர், வாழ்நாள் என்ற பொருளில் வந்தது. அவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது, பிறகு கணவன் குடும்பத்துக்கே திரும்பிவிடும். இப்படி நாலு சொல் இருக்கிற இடத்தில் நாம் 'வரதட்சணை' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறோம்.

வரதட்சணை என்றால் வரனுக்குக் கொடுக்கும் தட்சணை. வாங்குகிறவன் யார் என்பது சொல்லிலேயே இருக்கிறது. 1961இல் சட்டம் போட்டுத் தடுத்த ஒரு கொடுமையின் பெயரை, ஒரு பெண்ணைத் தெருவில் நிற்காமல் காப்பாற்றிய ஏற்பாட்டுக்குச் சூட்டுவது எவ்வளவு அநியாயம்!

சரி, வேறு என்ன சொல்லலாம்? நண்பர் ஒருவர், மொழிபெயர்ப்பில் பழுத்தவர், 'கைம்பெண் சீதனம்' என்கிறார். சீதனம் என்பது ஸ்திரீதனம்தானே, பெண்ணின் சொத்துதானே என்பது அவர் வாதம். வேர்ச்சொல்லைப் பார்த்தால் சரிதான். ஆனால் சொல் வேரில் வாழ்வதில்லை, வாயில் வாழ்கிறது. "பொண்ணுக்கு என்ன சீதனம் போட்டீங்க?" என்று யாரை நோக்கிக் கேட்கிறோம்? பெண்ணைப் பெற்றவரை. யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்தபோதும் சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்று பிரித்தார்கள். அங்கேயும் சீதனம் பெண் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவது. திசை மாறவில்லை. முன்னால் 'கைம்பெண்' என்று ஒட்டிவிட்டால் திசை மாறிவிடுமா? 'கைம்பெண் சீதனம்' என்று கேட்டால், கைம்பெண்ணை மறுமணம் செய்து கொடுக்கும்போது போடும் நகை என்றுதான் எனக்குப் படுகிறது. எலிசபெத் மறுமணம் செய்துகொண்டவர் வேறு. குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா?

இன்னும் சிலர் 'ஜீவனாம்சம்' என்று எழுதுகிறார்கள். அது பிரிந்துபோன மனைவி நீதிமன்றத்தில் கேட்டு வாங்குவது. விட்டூம் திருமண ஒப்பந்தத்திலேயே இடம் சொல்லி எழுதப்படுவது. மஹர் கொஞ்சம் நெருங்கி வருகிறது, கணவன் மனைவிக்குக் கொடுப்பது என்ற அளவில். ஆனால் அது இஸ்லாமியத் திருமணத்துக்கே உரிய சொல். லூத்தரைப் பின்பற்றிய ஒரு சிற்றரசிக்கு மஹர் என்று எழுதினால் படிக்கிறவர் மூக்கைச் சொறிவார்.

என் சொல் 'கைம்மைப்பற்று'. கல்வெட்டுகளில் படைக்கு விட்ட நிலம் படைப்பற்று. அந்த வழியில், கைம்மைக்கு விட்ட நிலம் கைம்மைப்பற்று. 'கைம்மைக்காணி' என்றும் யோசித்தேன். காணி பரம்பரையாக இறங்குவது, இது ஒரு பெண்ணின் ஆயுளோடு முடிவது, அதனால் விட்டுவிட்டேன்.

நண்பர் விடவில்லை. 'விட்டூம்' என்ற சொல்லுக்கும் ஜெர்மனில் கைம்பெண்ணைக் குறிக்கும் 'விட்வெ'வுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். உண்மைதான். விட்டூமின் பழைய வடிவம் 'விடமோ'; அது முதலில் மணப்பெண்ணுக்காகக் கொடுத்த விலை, நம் பரிசம் மாதிரி. காது ஒற்றுமையால் ஜனங்களே பின்னால் அதைக் கைம்பெண்ணோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இருக்கட்டுமே, பதினாறாம் நூற்றாண்டில் ஒப்பந்தம் எழுதியவர்கள் எந்தப் பொருளில் எழுதினார்களோ அந்தப் பொருளுக்குத்தானே தமிழ் தேடுகிறோம். அப்புறம், 'பற்று' என்றால் ஆசை, கைம்மையின் மேல் யாருக்கு ஆசை என்று கிண்டல் செய்தார். கணக்குப் புத்தகத்தில் பற்று வரவு எழுதுகிறவருக்கு வராத சந்தேகம் நமக்கு எதற்கு?

இந்தப் பற்று எவ்வளவு முக்கியமானது என்பதற்கு எலிசபெத்தையே பார்க்கலாம். முதலில் அவருக்கு எழுதிய இடம் காலன்பர்க். 1528இல் பிரசவம் சிக்கலானபோது, கணவரின் ஆசைநாயகி சூனியம் வைத்துவிட்டாள் என்று குற்றம் சாட்டினார். அந்தப் பழி வேறு பெண்களின் உயிரையும் குடித்தது. அதை மறைத்து இவரைத் தியாகியாக்க நான் தயாரில்லை. அந்தச் சண்டையின் முடிவில் காலன்பர்குக்குப் பதிலாக, வருமானம் கூடுதலான ம்யூண்டென் பக்கத்தைத் தன் பேருக்கு மாற்றி எழுதி வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. 1540இல் எரிக் பெருங்கடன் வைத்துவிட்டுச் செத்தார். மகனுக்கு வயது வரும்வரை, 1545 வரை, எலிசபெத்தே நாட்டை ஆண்டு லூத்தரின் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1546இல் ஹென்னபர்க் பிரபு போப்போவை மணந்தார். போப்போவின் அண்ணன் ஏற்கெனவே எலிசபெத்தின் மூத்த மருமகன்! மறுமணம் செய்தால் பொதுவாகக் கைம்மைப்பற்று கைவிட்டுப் போகும். எலிசபெத் அதற்குப் பிறகும் ம்யூண்டெனிலேயே இருந்தார்.

பற்று உடையவள் என்பதால் ஆங்கிலத்தில் 'டவேஜர்' என்கிறார்கள். அதைத் தமிழில் 'விதவை ராணி' என்று எழுதுகிறார்கள். கையில் ஊரும் வரியும் கோட்டையும் இருப்பதைச் சொல்லும் பட்டத்தில், தாலி இல்லை என்பது மட்டும் நம் மொழிபெயர்ப்பாளர் கண்ணில் படுகிறது. அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டுவதுதான் இப்போது மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. ம்யூண்டெனை 'மிண்டென்' என்று உச்சரிக்கிறார்கள். அது அதே வேசர் ஆற்றங்கரையில் இருக்கும் வேறொரு ஊர்.

1553இல் ஸீவர்ஸ்ஹவுசன் போருக்குப் பிறகு பக்கத்து நாட்டு ஹைன்ரிஷ் எலிசபெத்தை ம்யூண்டெனிலிருந்து விரட்டினார். கொஞ்ச காலம் ஹனோவரில் பணமுடையோடு கிடந்து, கடைசியில் போப்போவின் குடும்பத்துக்குச் சொந்தமான இல்மெனாவுக்குப் போனார். அந்த நாட்களில் கைம்பெண்களுக்கு ஆறுதல் சொல்லி ஒரு நூலும் எழுதினார். 1558இல் அங்கேயே இறந்தார். அந்தக் காணொளியை மறுபடி போட்டுக் கடைசிவரை பார்த்தேன். நல்லவேளை, இல்மெனாவையும் வரதட்சணை என்று சொல்லவில்லை. 'மாமியார் வீடு' என்றார்கள்.