சிலிக்கன் அடிச்ச பிறகுதான் கூடத் தண்ணி வருது, அதேன்?

திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு தம்பி வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். கடலைப் பாத்த விறாந்தைக்கு பேட்டியோ டோர் ஒண்டு போட்டவராம், நிலை, பிணைச்சல், பூட்டு, றப்பர் பட்டி எல்லாம் ஒண்டாப் பூட்டி வாற ப்ரீஹங் கதவு, கொழும்பில இருந்து லொறியில வந்து இறங்கினது. முதல் வாடை மழைக்கே அடியால கொஞ்சம் கசிஞ்சிருக்கு. உடன ஹார்ட்வெயாருக்கு ஓடி ரெண்டு டியூப் சிலிக்கன் வாங்கி, வெளிப்பக்கம் அடிப்படியில, அதான் நிலையின்ர கீழ்க்கட்டையில இருந்த நீக்கல், ஓட்டை எல்லாத்தையும் வடிவா அடைச்சுப்போட்டார். அடுத்த மழைக்கு ஹோலுக்குள்ள துவாய் போட்டு ஒத்தி எடுக்கிற அளவுக்குத் தண்ணி. "அண்ணை, அடைக்க அடைக்கக் கூடுதே, இதென்ன சயன்ஸ்?" எண்டு கேக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஏனெண்டா நானும் என்ர வீட்டில அச்சொட்டா இதே வேலையைப் பாத்தவன்தான்.

கதவு பூட்டுற வேலையைக் கெதியாச் சொல்லிப்போட்டு விஷயத்துக்கு வாறன். எங்கட பழைய முறையில முதல்ல நிலையை நிமித்தி வச்சுப்போட்டுத்தான் அதைச் சுத்திச் சுவர் எழும்பும். ப்ரீஹங்குக்கு அது மறுவளம், சுவரில வாசல் ஏற்கெனவே இருக்கும், நிலையை விட ரெண்டு பக்கமும் ஒரு சென்ரிமீட்டர் அளவு கூட விட்டு வெட்டி, கதவை முழுசா உள்ள நிமித்தி, இடைவெளியில ஆப்பு வச்சு நேராக்கிறது. அடி ரசமட்டம், பிணைச்சல் பக்கம் தூக்குக்குண்டு, மூலைக்கு மூலை குறுக்கு அளவு ரெண்டும் ஒண்டு, கதவைச் சுத்தி மூண்டு மில்லிமீட்டர் போல ஒரே சீரான நீக்கல், இவ்வளவும் சரியெண்டா ஆணி முறுக்கலாம். ஆப்பு பிணைச்சலுக்கு நேர பின்னால இருக்கோணும், மேல் பிணைச்சலில ஒரு நீள ஸ்குரூ சுவருக்குள்ள போகோணும், கதவின்ர பாரம் அதிலதான் இழுக்கும். ஸ்குரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ், அதிலயும் 316 ரகம் எண்டா நல்லம், எங்கட உப்புக்காத்து மற்றதைத் திண்டுபோடும்.

இனித்தான் எனக்குப் பிடிச்ச பகுதி.

ஒரு இடத்தால தண்ணி உள்ள வாறதுக்கு மூண்டு சாமான் வேணும்: தண்ணி, ஒரு ஓட்டை, தள்ளுற ஒரு விசை. இதை 1963ல கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தில இருந்த கார்டன் எண்டவர் ஒரு சின்னக் குறிப்பா எழுதி வச்சார். மழையை எங்களால நிப்பாட்டேலாது. ஓட்டையே இல்லாத கதவு உலகத்தில இல்லை, திறக்கோணுமே! மிச்சம் கிடக்கிறது விசை. அதைப் பிடிச்சா வேலை முடிஞ்சுது.

அந்த விசை எவ்வளவு? ஏ லெவலில படிச்ச அரை ரோ வி ஸ்குவயாரை எடுங்கோ, காத்தின்ர அடர்த்தியில பாதியை வேகத்தின்ர வர்க்கத்தால பெருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் காத்து கதவில நேர மோதினா கிட்டத்தட்ட 167 பாஸ்கல். பாஸ்கல் எண்டா மனசில நிக்காது, தண்ணியின்ர உயரத்தில சொன்னா 17 மில்லிமீட்டர். அதாவது காத்து மட்டும் தண்ணியைப் பதினேழு மில்லிமீட்டர் மேல ஏத்தி உள்ள தள்ளும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கத்தால கரை ஏறேக்க 80, 90 எண்டு அடிச்சுது, 85க்குக் கணக்குப் பாத்தா 334 பாஸ்கல், தண்ணிக்கு 34 மில்லிமீட்டர், முழுசா ஒரு அங்குலத்துக்கும் மேல. தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும் எண்டு நம்பிக் கட்டின அடிப்படியை அது சும்மா ஏறிக் கடக்கும். அதோட நீக்கல் ஒரு மில்லிமீட்டர் எண்டா, காத்தே இல்லாமலும் நுண்துளைக் கவர்ச்சியால தண்ணி 14, 15 மில்லிமீட்டர் தானா ஏறும், இதுக்கு மருந்து நீக்கலைப் பெருசாக்கிறது, ஆறு ஏழு மில்லிமீட்டர் விட்டா பெருசா ஏறாது. தண்ணி அடிப்பக்கத்தில ஒட்டிக்கொண்டு உள்ள ஊராமல் இருக்கத்தான் அடிப்படியின்ர வெளி விளிம்புக்கு அடியில ஒரு கீறல் மாதிரித் தவாளிப்பு வெட்டி விடுவினம், தண்ணி அதோட சொட்டி விழுந்திடும்.

இப்ப காத்தின்ர அழுத்தத்தை என்ன செய்யிறது? செவ்விளநிக்குள்ள ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சிப் பாத்திருப்பியள், ஸ்ட்ரோவில நடுவில ஒரு வெடிப்பு இருந்தா எவ்வளவு இழுத்தாலும் இளநி ஏறாது, வெறுங்காத்துத்தான் வரும். வெடிப்பால காத்து உள்ள புகுந்து அழுத்தத்தைச் சமமாக்கிப்போடும். நல்ல கதவின்ர அடிப்படி இதே களவைத்தான் செய்யுது. வெளிப்பக்கம் ஒரு தடுப்பு, உள்பக்கம் றப்பர் பட்டி ஒரு தடுப்பு, ரெண்டுக்கும் இடையில காத்து நிக்கிற ஒரு சின்ன இடைவெளி. வெளித்தடுப்பில வேணுமெண்டே ஓட்டை விட்டிருப்பினம். காத்து அடிக்கேக்க அந்த ஓட்டையால இடைவெளிக்குள்ளயும் அதே அழுத்தம் வந்திடும், புரெவிக் காத்துக்கு வெளியிலயும் 334 பாஸ்கல், இடைவெளிக்குள்ளயும் கிட்டத்தட்ட அவ்வளவு. ரெண்டு பக்கமும் சமனெண்டா ஆர் தண்ணியைத் தள்ளுறது?

"கிட்டத்தட்ட" எண்டதையும் கணக்குப் போடலாம். அடுத்தடுத்து ரெண்டு ஓட்டையால ஒரே காத்து போகேக்க அழுத்தம் எதில விழும் எண்டது பரப்பளவின்ர வர்க்கத்தில தங்கியிருக்கு. வெளி ஓட்டை உள்கசிவை விட, அதான் உள் றப்பரில காத்து கசியிற நீக்கலை விட அஞ்சு மடங்கு பெருசெண்டா, மொத்த அழுத்தத்தில இருபத்தாறில ஒரு பங்குதான் வெளியில விழும். 334ல 13 பாஸ்கல், தண்ணிக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம். மிச்சம் முழுக்க உள்ள இருக்கிற றப்பரில விழும், ஆனா அங்க தண்ணியே இல்லை, காத்து மட்டும்தான். தண்ணி இருக்கிற இடத்தில விசை இல்லை, விசை இருக்கிற இடத்தில தண்ணி இல்லை. முதல் தரம் இதை விளங்கின அண்டைக்கு நான் நித்திரை கொள்ளேல்ல, உண்மையாத்தான்.

தம்பி என்ன செய்தவர்? ஓட்டையை அடைச்சவர். சிலிக்கன் எங்கயாவது மயிரளவு விட்டுப்போடும், அதுதான் இப்ப ஒரே வழி. கணக்கு அப்பிடியே தலைகீழ், வெளி நீக்கல் உள்கசிவில அஞ்சிலொண்டு எண்டா இருபத்தாறில இருபத்தஞ்சு பங்கும் வெளியில விழும், அதுவும் மழை நனைக்கிற இடத்திலேயே. உறிஞ்சின மாதிரி உள்ள வரும். வந்த தண்ணி திரும்பி வடியவும் வழியில்லை, நிரம்பி ஹோலுக்குள்ளதான் வழியும்.

நம்பாட்டி மேசன்மார் மட்டம் பாக்கிற தண்ணிக் குழாயை எடுங்கோ, ஒரு முனையை கதவு நீக்கலால வெளியில விட்டு மற்றதை ஹோலுக்குள்ள வச்சா, காத்து அடிக்கிற ஒவ்வொரு வீச்சுக்கும் ரெண்டு பக்கத் தண்ணியும் மேலும் கீழும் ஆடும். நான் ஒரு கார்த்திகை மாசம் பாக்கேக்க ஏழெட்டு மில்லிமீட்டர் வித்தியாசம், மணிக்கு 40 கிலோமீட்டர் காத்து எண்டு அர்த்தம். மனிசி பைத்தியமெண்டு பாத்துக்கொண்டு போனா.

ஒரு ஆதங்கம். அமெரிக்க ஏஎஸ்டிஎம் தரத்தில கதவுக்கு ஒரு மழைச் சோதனை இருக்கு, சதுர மீட்டருக்கு நிமிஷத்துக்கு 3.4 லீற்றர் தண்ணியை 15 நிமிஷம் தெளிச்சு, வேற ஒண்டும் குறிப்பிடாட்டி 137 பாஸ்கல் அழுத்தம் குடுப்பினம். அது 54 கிலோமீட்டர் காத்துக்குச் சமன், எங்கட வாடைக்கு அது விளையாட்டு. ஒரு மரப்பெட்டி, ஒரு புளோவர், ஒரு தண்ணிப் பம்ப் இருந்தா இதை எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலயும் செய்யலாம், ஆராய்ச்சிக்குக் காசில்லை எண்டுறவை இந்தக் காசையாவது போடலாம். மற்றப்பக்கம் நிலை வைக்க நாள் நட்சத்திரம் பாக்கிறம், பொன் வைக்கிறம், பூசணிக்காய் வெட்டுறம், அம்மாவுக்காக நானும் எல்லாம் செய்தன், ஆனா ராகுகாலம் பாத்த ஓடாவி ரசமட்டம் பாக்கேல்ல, அந்தக் கதவு இண்டைக்கும் தன்பாட்டில திறக்குது. கிழக்கு வாசல்தான் நல்லம் எண்டு வாஸ்து சொல்லும், எங்கட ஊரில கிழக்கெண்டா கடலும் மழையும்தான்.

தம்பிக்குச் சொன்னன், வெளிச் சிலிக்கனை பிளேட்டால சுரண்டி எடுங்கோ, உள்பக்க றப்பர் மூலையில பிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ, ஒரு கடதாசியை வச்சுக் கதவைப் பூட்டி இழுத்தா இறுக்கம் தெரியும், லேசா வந்தா அதில காத்து போகுது. வெளிப்பக்கம் திறக்கிற கதவெண்டா காத்தே அதை றப்பரோட அமத்தும், உள்பக்கம் திறக்கிறதைக் காத்து றப்பரில இருந்து பிரிக்கும், அவர்ட கதவு உள்பக்கம் திறக்கிறது. அடுத்த தரம் கழட்டிப் பூட்டினா அடியில பின்பக்கம் விளிம்பு எழும்பின தகடு ஒண்டு போடச் சொன்னன், விளிம்பு நாப்பது மில்லிமீட்டராவது.

மூலை றப்பர்தான் பிஞ்சிருந்துதாம். சிலிக்கனைச் சுரண்டேக்க அடிப்படிக்குள்ள கிடந்த தண்ணி ஒரு செம்பு அளவு வெளியில ஊத்திச்சுதாம். ஒரு ஓட்டையில மட்டும் ஒண்டும் வரேல்ல, குத்திப் பாத்தா உள்ள குளவி மண்கூடு. கடற்கரை மண்ணும் எறும்பும் இதே வேலையைத்தான் பாக்கும், ஐப்பசி பிறக்க முன்னம் ஒரு ஈர்க்கால எல்லா ஓட்டையையும் குத்தி விடுங்கோ.