அப்பளம் மட்டுமல்ல, ஓவனும் நமத்துப்போகும்

"ஓவன் கதவைத் தொட்டால் கையில் சுருக்கென்று இழுக்கிறது, தம்பி" என்று செம்பூரிலிருந்து ஒரு மாமி போன மழைக்காலத்தில் கூப்பிட்டார். சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றி வைக்கும்படியும், நான் வரும்வரை அதன் பக்கமே போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய்ப் பிளக்கைத் திறந்து பார்த்தால், எர்த் வயர் வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றியிருந்தது. இரண்டு வாரம் முன்பு ஓவனைப் போட்டவுடன் வீட்டு மின்சாரமே நின்றுபோனதாம். பார்க்க வந்த ஒருவர், "இனிமேல் நிற்காது" என்று சொல்லி எர்த்தை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். மின்சாரம் நிற்கவில்லைதான். ஆனால் எர்த் வழியாக வெளியேற வேண்டிய மின்கசிவு ஓவனின் உடம்பிலேயே தங்கிவிட்டது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் மாமிக்குச் சுருக்கென்றதோடு போயிற்று. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

மும்பையில் இருபது வருடமாக மிக்ஸி, கிரைண்டர், ஓவன் பழுது பார்க்கிறேன். மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஓடிஜி என்று சொல்லும் மேசை ஓவன்கள் இப்போது நிறைய இருக்கின்றன. 2020 ஊரடங்கில் கேக் செய்து பழகியவர்கள் வாங்கியவை பல. அதிகம் உபயோகித்ததால் கெட்டுப்போய் என்னிடம் வரும் ஓவன்கள் குறைவு. சுத்தம் செய்கிறேன் என்று தண்ணீரைக் காட்டியதாலோ, மழைக்காலம் முழுவதும் துணி போட்டு மூடி வைத்ததாலோ கெட்டவைதான் அதிகம்.

காரணம் ஓவனைச் சூடாக்கும் எலிமென்டில் இருக்கிறது. உள்ளே மேலும் கீழும் கம்பி போலத் தெரிகிறதே, அது வெறும் கம்பி இல்லை, குழாய். குழாயின் நடுவில், மின்சாரம் பாய்ந்தால் சூடேறும் நிக்ரோம் கம்பிச் சுருள் ஓடுகிறது. சுருள் குழாயைத் தொட்டுவிடாமல் இருக்க, சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருக்கிறார்கள். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது என்பது அந்தப் பொடியின் குணம். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். குழாயின் இரண்டு முனைகளிலும் உள்ள அடைப்பு நாளாக நாளாகத் தளர்ந்து, அதன் வழியே காற்றின் ஈரம் உள்ளே ஏறுகிறது. திறந்து வைத்த டப்பாவில் அப்பளம் நமத்துப்போவதைப் போலவே இந்தப் பொடியும் நமத்துப்போகிறது. ஈரமான பொடி மின்சாரத்தைக் கசியவிடும். கசிவு எர்த்துக்குப் போகும்போது, வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச், இருந்தால் அது உடனே விழுந்துவிடும். அது விழுவது பழுது அல்ல, காவல்.

இதற்கு வைத்தியம் எளிது. எங்களைப் போன்றவர்கள் எலிமென்டைக் கழற்றி, மிதமான சூட்டில் சில மணி நேரம் உலர்த்தி, மின்காப்பை அளக்கும் மெக்கர் என்ற கருவியை வைத்து 500 வோல்ட்டில் சோதித்துப் பார்ப்போம். கசிவு நின்றால் திரும்ப மாட்டுவோம், நிற்காவிட்டால் புது எலிமென்ட். மாமியின் ஓவனுக்கு உலர்த்தியதே போதுமானதாக இருந்தது. எர்த் வயரைச் சரியாக முறுக்கி, பழைய இடத்தில் பிளக்கில் பூட்டிவிட்டு வந்தேன். எர்த்தை வெட்டச் சொல்லும் எவரையும் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள்.

எலிமென்ட் நமக்காமல் இருக்க நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒரு முறை ஓவனைக் காலியாக 100 அல்லது 120 டிகிரியில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். கேக் செய்ய நேரமில்லாவிட்டாலும் நமத்த முறுக்கையோ தட்டையையோ உள்ளே வைத்து எடுங்கள், இரண்டு வேலையும் முடிந்துவிடும். கடற்காற்றில் உப்பும் கலந்திருப்பதால், ஜன்னலோரத்தில் வைத்த ஓவனின் திருகுகளும் கீல்களும் கடலோரம் இல்லாத ஊர்களைவிட இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்.

இனி பிசுக்கு. ஓவன் சுவரில் மஞ்சளாகப் பிடித்துக் கையில் ஒட்டும் படலம் எண்ணெய்தான், ஆனால் எண்ணெயாக இல்லை. சூடும் காற்றும் சேர்ந்து அதை வார்னிஷ் போல இறுக வைத்துவிட்டன. சூரியகாந்தி எண்ணெயில் இது சீக்கிரம் நடக்கும், தேங்காய் எண்ணெயில் மெதுவாக நடக்கும். பனீரோ கோழியோ சுட்ட அன்றைக்கே, ஓவன் வெதுவெதுப்பாக ஆறியதும், பிளக்கைக் கழற்றிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் ஐந்து நிமிட வேலை. ஆறு மாதம் விட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும். பிழிந்த துணி என்பதை அழுத்திச் சொல்கிறேன். எதையும் உள்ளே நேராகத் தெளிக்காதீர்கள். தெளித்த நீர் சுவரின் ஓட்டைகள் வழியாக டைமர், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், வயர் முனைகள் இருக்கும் ஓவனின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் போய்விடும்.

எதை வைத்துத் தேய்ப்பது என்பதில் நம் வீடுகளில் நிறையத் தவறு நடக்கிறது. குத்துவிளக்கைப் பளபளப்பாக்கிய கைப்பழக்கத்தில் சிலர் புளியையும் எலுமிச்சையையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பித்தளைக்கு அது சரி. பல ஓவன்களின் உட்சுவர் துத்தநாகமோ அலுமினியமோ பூசிய இரும்புத் தகடு. புளிப்பு அந்தத் துத்தநாகப் பூச்சைக் கரைத்துவிடும், அதன் பிறகு துரு ஓடிவரும். கடையில் விற்கும் காரத்தன்மையுள்ள ஓவன் கிளீனர்களோ அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும். அதன் மிச்சம் எலிமென்டில் தங்கினால் அடுத்த முறை புகையாக உங்கள் மூக்குக்குத்தான் வரும். உட்சுவர் மங்கலான வெள்ளி நிறமாக இருந்தால் சோப்பு நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழவழப்பான கறுப்பு எனாமலாக இருந்தால் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, அரை மணி கழித்து, இரண்டு மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். கண்ணாடிக் கதவுக்கும் இதே குழைவு போதும். கதவு சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விட்டு நொறுங்கிவிடலாம், அதனால் ஆறிய பிறகு மட்டும் துடையுங்கள். இரும்பு நாரை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். உதிர்ந்த ஒரு நூலிழை வயர் முனைகளில் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். கம்பித் தட்டையும் டிரேயையும் வெளியே எடுத்துத் தொட்டியில் வெந்நீரில் ஊறவைத்துத் தாராளமாகத் தேயுங்கள். எலிமென்டைத் தேய்க்க வேண்டியதில்லை. அதில் தெறித்த எண்ணெய், ஜன்னலைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் காலியாக ஓடவிட்டால் தானாக எரிந்துபோகும்.

கீழே இழுத்தெடுக்கும் துகள் தட்டை மாதக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. வேலை குறையட்டும் என்று அதன்மேல் அலுமினியத் தாள் விரித்துவிடுகிறார்கள். தாள் சூட்டைத் திருப்பி அடிப்பதால் ரொட்டியின் அடி கருகும். ஓரம் நிமிர்ந்து எலிமென்டைத் தொட்டால் உருகி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், தணல் நிறத்தில் ஒளிரும் எலிமென்டுக்கு அந்தச் சூடு பெரிய விஷயமில்லை. தாளை எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை தட்டைத் தட்டிக் கொட்டுங்கள். அங்கே சேரும் ரொட்டித் துகள்தான் முதலில் தீப்பிடிக்கும், கரப்பான் பூச்சியை அழைப்பதும் அதுதான். டைமர் பெட்டிக்குள் கரப்பான் குடியேறிய ஓவன்களை மாதத்துக்கு ஒன்றாவது திறக்கிறேன். மருந்து அடித்து விரட்டப் பார்க்காதீர்கள். அந்த ஸ்பிரே எளிதில் தீப்பற்றும், உள்ளே தங்கும் மருந்து உணவிலும் ஏறும்.

1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்டர் வைத்துச் செருகினால் சாக்கெட் சூடேறி உருகலாம். 16 ஆம்பியர் சாக்கெட் இல்லாத சமையலறையில், ஒன்று போடுவதற்கு முன் ஓவன் வாங்காதீர்கள். பின்னாலும் பக்கத்திலும் மேலேயும் நான்கு விரற்கடையாவது இடைவெளி இருக்கட்டும், மேலே பிளாஸ்டிக் டப்பா வேண்டாம்.

உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று பாய்ந்து நெருப்பு முகத்துக்கு வரும். சுவிட்சை அணையுங்கள், கதவு மூடியே இருக்கட்டும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், பெரும்பாலும் அது தானே அணையும். அணையாமல் புகை கூடினால் எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

எலிமென்ட், டைமர், தெர்மோஸ்டாட் மூன்றும் மாற்றக்கூடியவை. உட்சுவர் துருவில் ஓட்டை விழுந்தாலோ, வயர்களின் உறை கருகி உதிர்ந்தாலோ நான் பழுது பார்க்க மறுத்துவிடுவேன். அப்படிப்பட்ட ஓவனைப் பழைய சாமான் கடைக்குப் போடும் முன் அதன் வயரை அடியோடு வெட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் அதை வாங்கி, இன்னொரு வீட்டில் செருகிவிடுவார்.