ஒளி மாசு: சொல் விளக்கம்

இரவின் இயற்கையான இருளைச் செயற்கை விளக்குகளின் வெளிச்சம் கெடுப்பதே ஒளி மாசு. 'ஒளி மாசுபாடு' என்றும் எழுதுகிறார்கள்.

மாசு என்றால் அழுக்கு, கறை, குற்றம். 'மனத்துக்கண் மாசிலன் ஆதல்' என்கிறது 34ஆம் குறள். ஆங்கிலச் சொல்லான 'பொல்யூஷன்' பிறந்த லத்தீன் வினைக்கும் அழுக்காக்குதல் என்பதே பொருள். காற்று மாசு என்னும்போது அழுக்காவது காற்று. ஒளி மாசிலோ ஒளிதான் அழுக்கு, அழுக்காவது இருள். அச்சில் இது அடிக்கடி 'ஒலி மாசு' ஆகிவிடுகிறது. எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

விண்மீன்கள் மறைவதைப் பற்றிய வானியலாளர்களின் கவலையாகவே இச்சொல் நெடுங்காலம் வழங்கியது. உயிரினங்களுக்கு நேரும் கேட்டைத் தனியே பிரித்து, 2004இல் லாங்கோர், ரிச் ஆகிய இரு ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். அதைத் தமிழில் 'சூழலியல் ஒளி மாசு' எனலாம். என் பார்வையில் சொல்லின் முழுக்கனமும் இங்கேதான் இருக்கிறது.

வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகு மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்டது. நம் பகல் பார்வை மிகக் கூர்மையாக உணரும் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளிக்கே அதில் மதிப்பு அதிகம். புற ஊதாக் கதிரை எவ்வளவு கொட்டினாலும் லக்ஸ் மீட்டரின் முள் அசையாது. அந்துப்பூச்சியோ அதை நன்றாகவே பார்க்கும். வெறும் விண்மீன் வெளிச்சத்தில் பூவின் நிறத்தைப் பிரித்தறியும் அந்துப்பூச்சிகளும் உண்டு. முழுநிலவே 0.3 லக்ஸைத் தாண்டுவது அரிது. அதனினும் பல மடங்கு பிரகாசமான தெருவிளக்கு அவற்றின் கண்ணை என்ன செய்யும்? வேகமாகப் பறக்கும் சில வௌவால்கள் விளக்கடியில் கூடும் பூச்சிகளை வேட்டையாடும். மெதுவாகப் பறக்கும் லாட வௌவால்களோ ஒளிபட்ட பாதையையே கைவிட்டுவிடும்.

மணலிலிருந்து வெளிவரும் கடலாமைக் குஞ்சு, தாழ்வான அடிவானம் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறதோ அங்கே ஊர்ந்து போகும். இயற்கையான கரையில் அது கடல். பின்னால் விளக்கு எரிந்தால் குஞ்சு நிலத்தை நோக்கித் திரும்பி, நீர்வற்றியோ இரையாகியோ சாகிறது. நீலம் கலந்த வெள்ளை ஒளி அதை வலுவாக இழுக்கும். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட செம்மஞ்சள் ஒளியின் ஈர்ப்பு மிகக் குறைவு. இரண்டும் ஒரே லக்ஸ் காட்டலாம். ஆகவே ஒளி மாசைப் பற்றி எழுதும்போது லக்ஸோடு விளக்கின் அலைநீளத்தையும் எந்த உயிரினம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.