சுடருக்குச் சாட்சி சொல்லும் கம்பி

"தம்பி, எங்கட ஃபர்னேஸ் பத்துது. பத்தி மூண்டு நாலு செக்கனிலை நூந்து போகுது. திரும்பப் பத்துது, திரும்ப நூருது. மூண்டு தரம் இப்பிடிச் செய்துபோட்டுப் பேசாமல் நிண்டிடுது. பாக்க வந்தவர் புதுசு போடவேணும் எண்டுறார். குளிர் தொடங்கமுதல் ஏதாவது செய்யவேணும். உண்மையாப் புதுசு வேணுமோ?"

டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து ஒரு வாசகி அக்டோபர் கடைசியில் அனுப்பிய குரல்செய்தி இது (நூருவது என்றால் அணைவது). நல்ல பயனுள்ள கேள்வி. அதைவிட நல்லது, அவர் எண்ணிச் சொன்ன இரண்டு எண்கள். மூன்று நான்கு விநாடி, மூன்று தடவை. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கனடா பக்கம் வராதவர்களுக்காக ஒரு சுருக்கம். டொரன்டோ வீடுகளில் பெரும்பாலும் பேஸ்மென்டில் ஓர் ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு தகரப் பெட்டி நிற்கும். அதுதான் ஃபர்னேஸ். இயற்கை எரிவாயு அதற்குள் எரியும். எரிந்த புகை உலோகக் குழாய்களுக்குள்ளேயே ஓடி வீட்டுக்கு வெளியே போய்விடும். வீட்டுக் காற்று அந்தக் குழாய்களின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடாகி, தகரக் குழல்கள் வழியாக அறை அறையாகப் போகும். புகையும் காற்றும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஜனவரியில் வெளியே மைனஸ் 20 வரை இறங்கும் இரவுகள் உண்டு. அப்போது இந்தப் பெட்டி நின்றுபோனால் குளிர் மட்டுமல்ல, தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும் அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

பெட்டி இயங்கும் வரிசை எளிது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்கிறது. முதலில் புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறி சுழல்கிறது. புகைவழி திறந்திருக்கிறதா என்று ஓர் அழுத்த சுவிட்ச் பார்க்கிறது. அப்புறம் தீமூட்டி செக்கச்செவேலெனப் பழுக்கிறது, வாயு வால்வு திறக்கிறது, நீலச் சுடர் பற்றுகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய விசிறி காற்றை வீட்டுக்குள் அனுப்புகிறது.

சுடர் பற்றியதற்கும் பெரிய விசிறி ஓடுவதற்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. இதையெல்லாம் நடத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கண் கிடையாது. வால்வைத் திறந்தாயிற்று, வாயு உண்மையிலேயே எரிகிறதா, இல்லை எரியாமல் வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறதா? அதற்கு எப்படித் தெரியும்?

சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். பழைய ஃபர்னேஸ்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் சூடான உலோகம் ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். சுடர் அணைந்து அரை நிமிடம் ஆனபிறகும் "எரிகிறது" என்றே அது சொல்லிக்கொண்டிருக்கலாம். அணைந்த நொடியிலேயே தெரியவேண்டும். அதற்காக இன்றைய ஃபர்னேஸில் இருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த பௌதிகங்களில் ஒன்று.

சுடர் மின்சாரத்தைக் கடத்தும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதியான மீத்தேன் எரியும்போது மூலக்கூறுகள் உடைந்து சேரும் களேபரத்தில் சில எலக்ட்ரான்கள் கழன்றுவிடும் (யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இலத்திரன்கள்). எதிரில் நேர்மின் அயனிகள் மிஞ்சும். அவற்றில் மிக அதிகமாக இருப்பது ஹைட்ரோனியம். பள்ளியில் அமிலப் பாடத்தில் தண்ணீருக்குள் பார்த்தோமே, அதே H₃O⁺ நெருப்புக்குள்ளும் இருக்கிறது! முதன்முதலில் இதைப் படித்த அன்று அடுப்புச் சுடரை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது சுடருக்குள் ஒரு கம்பியை நீட்டுவோம். பென்சில் முனைக்குள் இருக்கும் கரியைப் போல மெல்லியது, ஒரு பக்கம் வளைந்திருக்கும், அடியில் வெள்ளைப் பீங்கான், ஒரே ஒரு ஒயர். பலகை அந்தக் கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறது. விநாடிக்கு 60 முறை கம்பி நேர்மின்னாகவும் எதிர்மின்னாகவும் மாறி மாறி ஆகிறது. மறுமுனை பர்னர், அதாவது வாயு வெளிவந்து எரியும் அடுப்புவாய். அது அகலமான உலோகம், பூமியோடு இணைந்தது.

சுடருக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஈக்கள் மாதிரி, அயனிகள் எருமைகள் மாதிரி. ஒரு ஹைட்ரோனியம் ஓர் எலக்ட்ரானைவிடச் சுமார் 35,000 மடங்கு கனம். கம்பி நேர்மின்னாக இருக்கும் அரைச்சுற்றில் ஈக்கள் நொடிப்பொழுதில் கம்பிக்குப் பறந்துவிடும். எருமைகள் பர்னர் பக்கம் நகரவேண்டும். பர்னர் அகலம், சுடரின் அடி முழுக்க அதுதான், அதனால் எருமைகளுக்குப் போய்ச் சேர இடம் தாராளம். மின்னோட்டம் நன்றாக ஓடுகிறது. அடுத்த அரைச்சுற்றில் கம்பி எதிர்மின். இப்போது எருமைகள் அந்த ஒல்லிக் கம்பிக்கு வந்து சேரவேண்டும். தொழுவம் சின்னது, நேரமோ விநாடியில் 120இல் ஒரு பங்கு. நாலைந்து வருவதற்குள் திசை மாறிவிடும். மின்னோட்டம் ஓடியதாகவே பேர் இல்லை.

ஆக, இரு திசையிலும் ஆட்டிவிட்ட மின்சாரம் ஒரே திசையில்தான் ஓடுகிறது. டயோடு செய்கிற வேலையை ஒரு தீ செய்கிறது. கிடைப்பது வெறும் சில மைக்ரோஆம்பியர் (ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோஆம்பியர்). ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு எரிய இதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு வேண்டும். அந்தத் துளியூண்டு ஒருதிசை மின்னோட்டத்தைத்தான் பலகை தேடுகிறது.

இதிலுள்ள பாதுகாப்பைப் பாருங்கள். கம்பி வளைந்து உலோகத்தில் முட்டிக்கொண்டது என்று வையுங்கள். மின்சாரம் தாராளமாகப் பாயும், ஆனால் இரண்டு திசையிலும் சமமாக. பீங்கானில் ஈரம் பட்டுக் கசிந்தாலும் அப்படியே. ஒயர் அறுந்தால் ஒன்றுமே ஓடாது. எந்தப் பழுது வந்தாலும் விடை ஒன்றுதான்: "சுடர் இல்லை, வால்வை மூடு." உலோகமோ நீரோ இந்தச் சாட்சியைப் போலியாகச் சொல்ல முடியாது.

அம்பர் என்ற மரப்பிசின் கல்லைத் தேய்த்தால் அது துரும்பை இழுக்கும்; பக்கத்தில் சுடரைக் கொண்டுபோனால் அந்த ஈர்ப்பு போய்விடுகிறது என்று 1600ஆம் ஆண்டிலேயே ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட் எழுதிவைத்தார். அதற்கு அப்போது எந்தப் பயனும் கிடையாது. 1950களின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தனித்தனியே சிலர் இதே சுடர் அயனிகளைக் கொண்டு காற்றிலுள்ள கரிமப் பொருள்களைத் துல்லியமாக அளக்கும் கருவியைச் செய்தார்கள். இன்றும் ஆய்வகங்களில் அது ஓடுகிறது. "இதனால் என்ன லாபம்?" என்று முதல் நாளே கேட்டு ஆராய்ச்சிக்கான பணத்தை வெட்டுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. கில்பர்ட்டின் குறிப்பிலிருந்து ஸ்கார்பரோ பேஸ்மென்ட் வரை வர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சரி, வாசகியின் வீட்டுக்கு வருவோம். அங்கே சுடர் பற்றுகிறது. பலகைக்கு மட்டும் தெரியவில்லை. சில விநாடி காத்திருந்து வால்வை மூடுகிறது, மூன்று முறை முயன்று பூட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் காரணம் கம்பிமேல் படிந்த படலம். பேஸ்மென்டில் துணி துவைக்கும்போது பறக்கும் மென்மையூட்டிகள், தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே ஆகியவற்றிலுள்ள சிலிக்கோன் சுடரில் எரிந்து மெல்லிய மணல்பூச்சாகப் படிகிறது. எங்கள் வீட்டில் கழற்றிப் பார்த்தபோது கம்பி விபூதி பூசியதுபோல இருந்தது. அதற்கு முன் வந்த ஒருவர் பலகையையே மாற்றவேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார். அடுத்து வந்தவர் ஒரே ஒரு திருகைக் கழற்றி, நுண்ணிய எஃகுப் பஞ்சால் பளிச்சென்று துடைத்து மாட்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது, கீறலில் படலம் இன்னும் சீக்கிரம் ஒட்டும் என்றார்.

வாயு தொடர்பான வேலையை உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். ஆனால் வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சுடர் உணரியில் எத்தனை மைக்ரோஆம்ப் காட்டுகிறது?" (சுடர் உணரி என்பது அந்தக் கம்பிதான்.) அளந்து சொல்பவர் வேலை தெரிந்தவர். அளக்காமலே புதுசு போடச் சொல்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கதவைத் தட்டி ஃபர்னேஸ் விற்பதை ஒன்டாரியோ 2018 மார்ச்சில் தடை செய்ததே, மொழி தெரியாத முதியவர்கள் உட்பட எத்தனையோ பேர் இப்படிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டதால்தான்.

மற்றவை நீங்களே செய்யக்கூடியவை. காற்று வடிகட்டியை மாற்றுங்கள். அது அடைத்தால் காற்றோட்டம் குறைந்து பெட்டி சூடேறித் தானாக நிற்கும். எங்களைப் போல மிளகாய் வறுத்து, மீன் பொரிக்கும் வீடுகளில் அது சீக்கிரமே கறுக்கும். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டேகால் கிலோ தண்ணீர் உண்டாகிறது. புதிய ஃபர்னேஸ்கள் அந்த நீராவியையும் குளிர்வித்து அதன் சூட்டைப் பிடித்துக்கொள்கின்றன, அதனால் வடிகுழாய் அடைக்காமல் ஓடவேண்டும். புகையும் காற்றும் போய்வர வெளியே சுவரில் நீட்டியிருக்கும் வெள்ளைக் குழாய்களைப் பனி மூடவிடாதீர்கள்.

எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சுவாயு கார்பன் மோனாக்சைடு. அதைக் கண்டு கத்தும் அலாரத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் ஊரில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைத்து, தாய் தந்தை இரு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இறந்தது. அலாரத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் அவர்கள் பெயரால்தான் 2013இல் வந்தது. அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. அலாரத்தின் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். இன்றே திருப்பிப் பாருங்கள்.

வாசகி போன வாரம் மறுபடி செய்தி அனுப்பினார். வேறொருவரைக் கூப்பிட்டிருக்கிறார். துடைக்குமுன் மீட்டர் 0.4 காட்டியதாம், துடைத்தபின் 3.2. "தம்பி, இப்ப நூராமல் எரியுது. நான் கீழை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார்.