டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர்: பதவியா, அடைமொழியா?

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே நடக்கும் லண்டன் குற்றக் கதைகளைத் தமிழில் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். மூலத்தில் ‘டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர்’ என்று இருந்தால் ‘துப்பறிவாளர்’ என்று போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அதே கதையில் போலீஸிலேயே இல்லாத, கட்டணம் வாங்கிக்கொண்டு விசாரிக்கிற தனியாள் ஒருவர் வருவார். அவரும் துப்பறிவாளர்தான். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும்போது, யாருக்குக் கைது செய்யும் அதிகாரம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதே வாசகருக்குப் புரியாமல் போகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் ‘தெகெரே’ என்றால் மூடுதல். கூரை ஓட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘டைல்’ அந்த வேரிலிருந்துதான் வந்தது. முன்னால் ‘டி’ சேர்ந்தால் மூடியதை நீக்குதல். தமிழில் ‘துப்புத் துலக்குதல்’ என்கிறோமே, அதிலும் இதே எண்ணம்தான்: மேலே படிந்ததை எடுத்தால் உள்ளே இருப்பது தெரியும். ஆங்கிலத்தில் ‘டிடெக்டிவ்’ முதலில் பெயர்ச்சொல்லாக வரவில்லை. 1842-இல் லண்டன் பெருநகரக் காவல் படையில் இரண்டு இன்ஸ்பெக்டர்கள், ஆறு சார்ஜென்ட்கள் என எட்டுப் பேரைக் கொண்டு ஒரு தனிப்பிரிவு தொடங்கினார்கள். அவர்கள் ‘டிடெக்டிவ் போலீஸ்’, அதாவது துப்பறியும் போலீஸ். பின்னால் வந்த ‘போலீஸ்’ பேச்சுவழக்கில் உதிர்ந்துபோக, முன்னால் இருந்த அடைமொழியே ஆளின் பெயராக நின்றுவிட்டது.

போலீஸ் பதவிப் பெயர்களில் மட்டும் அந்தச் சொல் கடைசிவரை அடைமொழியாகவே இருந்தது. கான்ஸ்டபிள், சார்ஜென்ட், இன்ஸ்பெக்டர், சூப்பரின்டெண்டென்ட் ஆகியவைதாம் பதவிகள். ஒருவர் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கு மாறினால் பதவிக்கு முன்னால் ‘டிடெக்டிவ்’ ஒட்டிக்கொள்ளும்; சீருடைக்குத் திரும்பினால் உதிர்ந்துவிடும். டிடெக்டிவ் இன்ஸ்பெக்டரும் சீருடை இன்ஸ்பெக்டரும் சட்டத்தின் முன் ஒரே படிதான். கூடுதல் அதிகாரம் எதுவும் கிடையாது. மஃப்டியில் சுற்றலாம், அவ்வளவுதான். அந்த ‘மஃப்டி’ இஸ்லாமியச் சட்ட அறிஞரைக் குறிக்கும் அரபுச் சொல். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் வழக்கில் சாதாரண உடைக்குப் பெயராகி, நம் ஊர் போலீஸ் பேச்சிலும் குடியேறிவிட்டது.

இந்தப் பிரிவுக்குத்தான் சி.ஐ.டி. என்று பெயர். 1877-இல் லண்டனின் மூத்த துப்பறியும் அதிகாரிகள் சிலர் குதிரைப் பந்தய மோசடிக்காரர்களிடம் லஞ்சம் வாங்கியதாக வழக்கு நடந்து, பெயர் நாறிப்போனது. மறு ஆண்டே ஹோவர்டு வின்சென்ட் என்ற வழக்கறிஞரின் தலைமையில் பிரிவைப் புதிதாக அமைத்து, ‘குற்றப் புலனாய்வுத் துறை’ என்ற பொருளில் புதுப் பெயரும் வைத்தார்கள். பிற்பாடு மற்ற ஊர்ப் படைகளும் தங்கள் தங்கள் துப்பறியும் பிரிவுக்கு அதே பெயரைச் சூட்டிக்கொண்டன.

நம் காதில் விழும் சி.ஐ.டி. வேறு. ‘அவன் சி.ஐ.டி. மாதிரி கேள்வி கேட்கிறான்’ என்றால் உளவு பார்க்கிறான் என்று பொருள். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘இரகசியப் பொலிஸ்’ என்றே எழுதுவார்கள். இதற்குக் காரணம் உண்டு. 1902-03-இல் அமைந்த ஃபிரேசர் போலீஸ் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின் இந்திய மாகாணங்களில் உருவான சி.ஐ.டி., திருட்டு, கள்ளநோட்டு வழக்குகளோடு அரசியல்வாதிகளையும் கண்காணித்தது. கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேச்சைக் குறிப்பெடுத்துக்கொண்டு போனவர்தான் மக்கள் கண்ணில் பட்ட சி.ஐ.டி. லண்டனில் அந்த வேலைக்கு 1883-இலேயே ஸ்பெஷல் பிராஞ்ச் வந்துவிட்டது. அதனால் பிரிட்டிஷ்காரருக்கு சி.ஐ.டி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது திருட்டும் கொலையும்தான்.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. பிரிட்டன் முழுவதற்கும் ஒரே போலீஸ் இருந்தது, அதன் தலைமையகம் ஸ்காட்லாந்து யார்டு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று இருந்ததே இல்லை. இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 180-க்கு மேற்பட்ட தனித்தனிக் காவல் படைகள் இருந்தன. மாவட்டம் போன்ற கவுண்டிகளின் படைகளை நீதிபதிகளும் கவுண்டி மன்ற உறுப்பினர்களும் பாதிப்பாதியாக இருந்த ஒரு கூட்டுக்குழு மேற்பார்த்தது. நகரப் படைகளுக்கு எஜமான் நகர மன்றத்தின் ‘வாட்ச் கமிட்டி’. லண்டன் பெருநகரப் படை மட்டும் நேரே உள்துறை அமைச்சருக்குக் கீழே. அந்த லண்டனுக்கு நடுவிலேயே ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புள்ள ‘சிட்டி’க்குத் தனிப் படை, தனி கமிஷனர்! லண்டன் படையில் சுமார் 20,000 பேர். சில சிறு நகரப் படைகளில் ஐம்பது பேர்கூடக் கிடையாது. அங்கெல்லாம் துப்பறியும் பிரிவு என்பது ஒரு சார்ஜென்ட்டும் ஓரிரு கான்ஸ்டபிள்களும்தான். மத்திய அரசு செலவில் பாதியைக் கொடுத்தது, ஆண்டுதோறும் ஆய்வுக்கு ஆள் அனுப்பியது. ஆனால் யாரைப் பிடி, யாரை விடு என்று கட்டளையிட முடியாது.

ஸ்காட்லாந்து யார்டு லண்டன் படையின் தலைமையகம் மட்டுமே. 1829-இல் அலுவலகம் வொயிட்ஹால் பிளேஸில் இருந்தது. அதன் பின்வாசல் ‘கிரேட் ஸ்காட்லாந்து யார்டு’ என்ற தெருவில் திறந்தது. அந்தத் தெருப்பெயர்தான் 1890-இல் தேம்ஸ் கரைக் கட்டடத்துக்கு மாறியபோதும் கூடவே போனது. ஸ்காட்லாந்து நாட்டுக்கும் இதற்கும் நிர்வாகத் தொடர்பு ஏதும் இல்லை. ‘தமிழ்நாடு போலீஸ் ஸ்காட்லாந்து யார்டுக்கு இணையானது’ என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அது ஒரு மாநிலக் காவலை ஒரு மாநகரக் காவலோடு ஒப்பிடுவது.

பிறகு ஏன் கதைகளில் லண்டன் அதிகாரி ரயிலேறிக் கிராமத்துக்கு வருகிறார்? சிறிய படைகளுக்குக் கொலை வழக்கு பழக்கமில்லை. அதனால் 1907 வாக்கில், உள்ளூர்ப் படையின் தலைவரான சீஃப் கான்ஸ்டபிள் கேட்டால் யார்டின் சீஃப் இன்ஸ்பெக்டர் ஒருவரை அனுப்பிவைக்கும் ஏற்பாடு உண்டானது. அவர் ஒரு சார்ஜென்ட்டோடு வருவார். கூப்பிட்டால்தான் வருவார் என்பதை மொழிபெயர்ப்பில் விட்டுவிடக் கூடாது. கூப்பிடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த சீஃப் கான்ஸ்டபிள்கள் உண்டு; அவர்கள் மனசு மாறுவதற்குள் தடயம் ஆறிப்போகும். பெரிய நகரங்கள் கூப்பிடுவதே அபூர்வம். 1931-இல் லிவர்பூலில் ஜூலியா வாலஸ் கொலையுண்டபோது அந்த நகரப் படையின் சொந்த சி.ஐ.டி.யே விசாரித்தது. கணவருக்குத் தூக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

யார்டின் ஆட்களே எல்லாம் அறிந்தவர்கள் என்றும் எண்ண வேண்டாம். 1924-இல் ஈஸ்ட்போர்ன் பக்கத்துக் கடற்கரையில், க்ரம்பிள்ஸ் என்ற இடத்து பங்களாவில் எமிலி கே என்ற பெண்ணைப் பேட்ரிக் மஹோன் கொன்று துண்டாக்கியிருந்தான். நோயியல் நிபுணர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரி அங்கே போய்ச் சேர்ந்தபோது, யார்டின் சீஃப் இன்ஸ்பெக்டர் பெர்சி சாவேஜ் அழுகிய சதைத் துண்டுகளை வெறுங்கையால் எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் கையுறை கிடையாதா என்று கேட்டால், அப்படி எதுவும் தருவதில்லை என்று பதில். அதற்குப் பிறகுதான் கையுறை, இடுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவுகோல், தடயம் போடும் பைகள் எல்லாம் அடங்கிய ‘மர்டர் பேக்’ வந்தது. ‘கொலைப் பை’ என்று எழுதினால் கொலைகாரனுடைய பை போலத் தோன்றும். ‘தடயப் பெட்டி’ என்பது நல்ல சொல்.

லண்டனுக்குள் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஓர் எழுத்து உண்டு. எச் என்றால் வொயிட்சேப்பல். டிவிஷன் சி.ஐ.டி.க்குத் தலைவர் ‘டிவிஷனல் டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர்’. திருடர்கள் மோட்டார் காரில் எல்லை தாண்டினார்கள், துப்பறிபவர்களோ தங்கள் எல்லைக்குள் நின்றார்கள். அதை மாற்ற 1919-இல் எந்த எல்லையிலும் புகக்கூடிய குழு ஒன்றை ஃபிரெடெரிக் வென்ஸ்லி உருவாக்கினார். முதலில் ரயில்வே கம்பெனியின் குதிரை வண்டிகளில் ஓட்டை போட்டு உள்ளிருந்து வேவு பார்த்தார்கள், பிறகு மோட்டார் வண்டி வந்தது. அதன் பெயர் ‘ஃப்ளையிங் ஸ்குவாடு’. தேர்தல் நேரத்தில் நம் ஊர்ச் சாலையில் காரை மறிக்கும் ‘பறக்கும் படை’ இதே ஆங்கிலத் தொடரின் தமிழ்தான்; இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தயங்கவே வேண்டாம்.

தயங்க வேண்டிய இடம் ‘சீஃப் கான்ஸ்டபிள்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தலைமைக் காவலர்’. நம் ஊரில் அது ஹெட் கான்ஸ்டபிள். அங்கே ஒரு முழுப் படைக்கே தலைவர். கவுண்டிகளில் பெரும்பாலும் முன்னாள் ராணுவ அதிகாரிகள் அந்தப் பதவியில் இருந்தார்கள். ஷெஃபீல்டிலும் பிறகு கிளாஸ்கோவிலும் ரவுடிக் கும்பல்களை ஒடுக்கிய பெர்சி சில்லிட்டோ, ஆப்பிரிக்கக் காலனிகளில் போலீஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கான்ஸ்டபிள் என்ற சொல் அதற்கு இடம் கொடுக்கிறது: லத்தீன் மூலத்தில் அது அரச லாயத்தின் தலைவர். போதாக்குறைக்கு லண்டன் சி.ஐ.டி.க்குள்ளும் உதவி கமிஷனருக்குக் கீழே ‘சீஃப் கான்ஸ்டபிள்’ என்று ஒரு பதவி இருந்தது. சாதாரண கான்ஸ்டபிளாகச் சேர்ந்த வென்ஸ்லி 1924-இல் அதில் அமர்ந்தார். ஊர்ப் படைகளுக்குக் ‘காவல் படைத் தலைவர்’ என்று எழுதலாம். லண்டன் சி.ஐ.டி.க்கு ஒலிபெயர்ப்பே பத்திரம். சூப்பரின்டெண்டென்ட்டிலும் கண்ணி உண்டு. ‘காவல் கண்காணிப்பாளர்’ என்றதும் மாவட்ட எஸ்.பி. நினைவுக்கு வருகிறார், அங்கே கவுண்டியின் ஒரு டிவிஷனைப் பார்த்துக்கொண்டவர், நம் டி.எஸ்.பி.க்குப் பக்கத்தில் வருவார்.

சரி, டிடெக்டிவ் இன்ஸ்பெக்டருக்கு என்ன சொல்? ‘புலனாய்வு ஆய்வாளர்’ இலக்கணப்படி சரிதான், இரண்டு ஆய்வு இடிக்கிறது. ‘ஒற்றர்’ கூடவே கூடாது. குறளின் ஒற்றாடல் அதிகாரத்திலிருந்து அது அரசனின் உளவாளியைக் குறிப்பது. சென்னைக் காவல் நிலையத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், சட்டம்-ஒழுங்குக்கு ஓர் இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஓர் இன்ஸ்பெக்டர். இந்தக் ‘குற்றப்பிரிவு ஆய்வாளர்’தான் என் தேர்வு. பதவியும் கலையாது, பிரிவும் தெரிகிறது. வாசகருக்குக் கொஞ்சம் பழைய காலத்து வாசனை வேண்டும் என்றால் ‘துப்பறியும் இன்ஸ்பெக்டர்’ என்று எழுதலாம். 1842-இன் அடைமொழி அதில் அப்படியே இருக்கிறது. அதே வழியில் டிடெக்டிவ் கான்ஸ்டபிள் குற்றப்பிரிவுக் காவலர். சார்ஜென்ட்டை சார்ஜென்ட்டாகவே விட்டுவிடலாம், ‘உதவி ஆய்வாளர்’ ஆக்கினால் படி உயர்ந்துவிடும். துப்பறிவாளர் என்ற சொல்லைக் கட்டணம் வாங்கும் அந்தத் தனியாளுக்கே ஒதுக்கிவைப்போம்.