காலேஜ்ல பாயிண்ட் குவிக்கிற பையன் என்பிஏல நிப்பானா?

ஜூன் மாசம் என்பிஏ (அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்) டிராஃப்ட், அதாவது டீமுங்க வரிசையா புதுப் பசங்கள எடுக்கற நாள், நெருங்கினாலே எனக்கு வாட்ஸ்அப்ல ஒரே மாதிரி மெசேஜ்தான் வரும். "இந்தப் பையன் மேட்ச்சுக்கு 24 பாயிண்ட் அடிக்கிறான், இவன ஏன் முதல் பத்துல யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க?" கூடவே ரெண்டு நிமிஷ ஹைலைட் வீடியோ ஒண்ணு. நான் ஒரு என்பிஏ டீமுக்கு காலேஜ் பசங்க ஆட்டத்தப் பாத்து ரிப்போர்ட் எழுதற வேலைல இருக்கேன், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பாதி நாள் ஏதாவது ஒரு காலேஜ் ஜிம்ல இருப்பேன், மீதி நாள் லேப்டாப்ல கிளிப் ஓட்டிக்கிட்டு இருப்பேன். நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப என்பிஏ பாக்கறாங்க, அமெரிக்காவுல இருக்கற சில வீட்டுல பசங்க ஹைஸ்கூல் டீம்லயும் ஆடறாங்க, அதனால இத ஒரு தடவ விவரமா எழுதிடலாம்னு தோணுச்சு.

2011 டிராஃப்ட்ட எடுத்துக்கங்க. அந்த வருஷம் அமெரிக்கா காலேஜ்லயே அதிகமா ஸ்கோர் பண்ணவர் பிரிகாம் யங் யுனிவர்சிட்டியோட ஜிம்மர் ஃப்ரெடெட், மேட்ச்சுக்கு 28.9 பாயிண்ட், 10வது பிக்ல, அதாவது பத்தாவது ஆளா, போனாரு. அவருக்குப் பின்னாடி 11வதா க்ளே தாம்சன், 15வதா கவாய் லெனர்ட், முதல் ரவுண்டோட கடைசி பிக்கா 30வதுல ஜிம்மி பட்லர், மொத்த டிராஃப்ட்டுக்கே கடைசியா 60வதுல ஐசையா தாமஸ். இந்த நாலு பேரும் என்பிஏல பெரிய ஆளுங்களாயிட்டாங்க. ஃப்ரெடெட் என்பிஏல நிக்க முடியாம சைனா லீக் போயி அங்க பாயிண்ட்டக் குவிச்சாரு. அவரு திறமையில்லாத ஆளுன்னு நான் சொல்லவே மாட்டேன், அந்த மாதிரி ஷூட்டர் அபூர்வம். ஆனா காலேஜ்ல டீமோட மொத்த அஃபென்சும் (பாயிண்ட் எடுக்கற ஆட்டம்) அவரு கையில இருந்துச்சு, எப்ப வேணா எங்க இருந்து வேணா போடலாம். என்பிஏல அந்த லைசென்ஸ் டீமுக்கு ரெண்டு பேருக்குதான் கிடைக்கும்.

லெனர்ட் கதை இன்னும் முக்கியம். சான் டியேகோ ஸ்டேட்ல ரெண்டு வருஷம், அவர் த்ரீ பாயிண்ட் (தூரக் கோட்டுக்கு வெளிய இருந்து போடற ஷாட்) நாலுல ஒண்ணுதான் விழுந்துச்சு. அத மட்டும் பாத்தா யாரும் தொட மாட்டாங்க. சான் அன்டோனியோ டீம் தன்னோட ஆட்டக்காரர் ஜார்ஜ் ஹில்ல இந்தியானா டீமுக்குக் குடுத்து இவர வாங்குச்சு. 7 அடி 3 அங்குல விங்ஸ்பான் (ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம்), ரீபவுண்டுக்கு, அதாவது விழாம திரும்பற பந்தப் பிடிக்க, போற வெறி, கூடவே ஃபவுலுக்குக் கிடைக்கற ஃப்ரீ த்ரோ 70 சதவீதத்துக்கு மேல. அங்க சிப் எங்கலண்ட்னு ஒரு ஷூட்டிங் கோச், பந்த விடற இடத்தக் கொஞ்சம் மாத்தினாரு, முதல் வருஷமே த்ரீ 37 சதவீதத்தத் தாண்டுச்சு.

இந்த ஃப்ரீ த்ரோ விஷயத்த நான் அடிபட்டுதான் கத்துக்கிட்டேன். சில வருஷம் முன்னாடி ஒரு கார்டு (வெளிய இருந்து ஆடற, உயரம் கம்மியான ஆளு), த்ரீ 29 சதவீதம், "ஷூட்டிங் வராது"ன்னு ரிப்போர்ட்ல முடிச்சுட்டேன். அதே பேப்பர்ல ரெண்டு வரி கீழ ஃப்ரீ த்ரோ 84ன்னு இருந்துச்சு, கண்ணு பாத்துச்சு, மண்டைக்குப் போகல. இன்னைக்கு அந்தப் பையன் வேற டீம்ல கார்னர்ல நின்னு நல்லா போட்டுக்கிட்டு இருக்கான். அவன் மேட்ச் டிவில வந்தா இப்பவும் மனசு உறுத்தும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா கணக்கு ரொம்ப சின்னது. காலேஜ் சீசன் சுமார் 35 மேட்ச். மேட்ச்சுக்கு நாலு த்ரீ போட்டா 140 ஷாட். 53 விழுந்தா 38 சதவீதம், "சூப்பர் ஷூட்டர்"னு பேரு வரும். அதுல ஒரு ஆறு பந்து ரிம்முல பட்டு வெளிய வந்திருந்தா 34 சதவீதத்துக்கும் கீழ, பேரே மாறிடும். ஆறு பந்துங்க, அஞ்சு மாசத்துல! அதனாலதான் பக்கத்துல யாரும் இல்லாம, ஒரே இடத்துல, ஒரே தூரத்துல இருந்து போடற ஃப்ரீ த்ரோவையும், மேட்ச்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி வார்ம்அப்ல கை எப்படிப் போகுது, முழங்கை எங்க இருக்குன்னும் நாங்க போயி உக்காந்து பாக்கறோம்.

அப்புறம் ரெண்டு ஆட்டமும் ஒரே ஆட்டம் இல்ல. காலேஜ் த்ரீ பாயிண்ட் கோடு 22 அடி 1¾ அங்குலம், என்பிஏ வளைவுல 23 அடி 9 அங்குலம். காலேஜ்ல ஷாட் கிளாக் (ஒரு ஷாட் போட டீமுக்குக் கிடைக்கற நேரம்) 30 செகண்ட், இங்க 24. இதெல்லாத்தையும் விட பெருசு என்னன்னா, என்பிஏல டிஃபென்ஸ் ஆளு எதிர் ஆளு யாரையும் ஒட்டி நின்னு தடுக்காம (கார்டு பண்ணாம) கூடைக்கு முன்னாடி இருக்கற பெயின்ட்டுக்குள்ள மூணு செகண்டுக்கு மேல நிக்கக்கூடாது, காலேஜ்ல அந்த ரூல் கிடையாது. அதனால காலேஜ்ல ஒரு உயரமான சென்டர் கூடைக்குக் கீழயே நின்னுக்கிட்டு மேட்ச்சுக்கு நாலு பிளாக் போடுவான், இங்க வந்தா அவன வெளிய இழுத்து ஒரு சின்ன கார்டு முன்னாடி நிறுத்திடுவாங்க. அவன் கால் பக்கவாட்டுல நகருமா? நான் அவன் பிளாக்க எண்ணவே மாட்டேன், காலத்தான் பாப்பேன்.

போன சீசன்ல ஒரு கிளிப்ப ஏழு தடவ திருப்பித் திருப்பிப் பாத்தேன். மொத்தம் பன்னெண்டு செகண்ட். எதிர் டீம் பிக் அண்ட் ரோல் (ஒருத்தன் தடுப்பா நின்னு பந்து வச்சிருக்கறவனுக்கு வழி விட்டுட்டு கூடைப் பக்கம் ஓடற ஆட்டம்) ஓட்டுது, நான் பாக்கற பையன் அந்தப் பக்கம் கார்னர்ல ஒரு ஷூட்டர கார்டு பண்ணிட்டு இருக்கான். தடுப்பா நின்ன ஆளு திரும்பி உள்ள ஓடி வர்றான், நம்ம பையன் ரெண்டு ஸ்டெப் உள்ள போயி நெஞ்சால அவன முட்டி நிறுத்திட்டு, பாஸ் கை விட்டுப் போறதுக்கு முன்னாடியே திரும்பி கார்னருக்கு ஓடறான், கடைசி ரெண்டு ஸ்டெப் குட்டியா வச்சு, கைய ஒசத்தி நிக்கறான், ஷூட்டர் போட முடியாம பந்தத் திருப்பிக் குடுத்துட்டான். அந்தப் பையனுக்கு ஸ்டாட் ஷீட்ல ஒண்ணுமே இல்ல. பாயிண்ட் இல்ல, ஸ்டீல் இல்ல, பிளாக் இல்ல. ஆனா ஒரு என்பிஏ டீம்ல எட்டாவது ஆளா இறங்கற பையன் தினமும் பண்ண வேண்டிய வேலை இதேதான். "அந்தப் பையன் நல்ல பிளேயரா?"ன்னு கேட்டா பதில் கிடைக்காது, "பந்து கையில இல்லாதப்ப எங்க டீம்ல இவன் என்ன வேலை பாப்பான்?"னு கேட்டாதான் ஏதாவது தெரியும்.

டிரேமண்ட் கிரீன் மிச்சிகன் ஸ்டேட்ல நாலு வருஷம் ஆடினவரு, 2012ல 35வது பிக்லதான் போனாரு. எந்தப் பொசிஷனுக்கும் சைஸ் பத்தலன்னு சொன்னாங்க, அது தப்பாப் போச்சு. டெவின் புக்கர் கென்டக்கில பெஞ்சுல இருந்து இறங்கி மேட்ச்சுக்கு 10 பாயிண்ட், 2015ல 13வதா போனாரு. சுத்தி அத்தனை பெரிய பசங்க இருந்தா யாருக்கும் நம்பர் பெருசா வராது, அத வச்சு எடை போட்டவங்க கோட்ட விட்டாங்க.

வயசையும் கண்டிப்பா பாக்கணும். டிராஃப்ட் அன்னைக்கு புக்கருக்கு 18 வயசு. 2025ல முதல் பிக்கா டியூக்ல இருந்து டல்லாஸ் போன கூப்பர் ஃப்ளாக்குக்கும் 18 தான். இப்ப காலேஜ்லயே நல்ல பணம் கிடைக்கறதால 22, 23 வயசு ஆளுங்க நிறைய பேர் அங்கயே இருக்காங்க, அவங்க 18 வயசுப் பையன் மேல ஏறி 20 பாயிண்ட் அடிக்கறது வேற, 18 வயசுப் பையன் அவங்க மேல 14 அடிக்கறது வேற. அதுக்காக வயசான பையன ஒதுக்கவும் கூடாது. ஜேலன் பிரன்சன் வில்லனோவால ரெண்டு சாம்பியன்ஷிப் ஜெயிச்சுட்டு வந்தவரு, 2018ல 33வது பிக். அவர விட்டுட்டு போன எல்லா டீமும் இன்னைக்கு வருத்தப்படுது.

டிராஃப்ட்டுக்கு முன்னாடி பசங்கள அளந்து சோதிக்கற கம்பைன் அளவு பத்தி ரொம்ப பேச மாட்டேன். 2007ல, பின்னாடி பெரிய ஸ்டாரான கெவின் டுரான்ட்டால 185 பவுண்டு பெஞ்ச் பிரஸ் ஒரு தடவ கூடத் தூக்க முடியல, அவருக்கு முன்னாடி முதல் பிக்கா போன கிரெக் ஓடன் முட்டி போயி மொத்தமே 105 மேட்ச்தான் ஆடினாரு. விங்ஸ்பானும் மெடிக்கல் ரிப்போர்ட்டும் வேணும், பெஞ்ச் பிரஸ்ஸ நான் படிச்சதே இல்ல.

வீட்டுல ஆடற பையன் இருந்தா இத மட்டும் கேளுங்க. முதல் ரவுண்டுல போனா முதல் ரெண்டு வருஷ சம்பளம் உறுதி. ரெண்டாவது ரவுண்டுக்கு அந்த மாதிரி உறுதி எதுவும் கிடையாது, பேசி வாங்கினாதான். டிராஃப்ட்டுக்குப் பேரு குடுத்துட்டு கம்பைன் முடிஞ்ச கொஞ்ச நாள்ல திரும்ப காலேஜுக்கே வர்றதுக்கு ஒரு கடைசித் தேதி இருக்கு, அத காலேஜ்ல கேட்டு காலண்டர்ல குறிச்சு வச்சுக்கங்க. என்பிஏவே ஒரு அட்வைசரி கமிட்டி வச்சு, பையன் எந்த ரவுண்டுல போவான்னு டீம்ங்ககிட்ட கருத்துக் கேட்டுச் சொல்லும், கோச் மூலமா விண்ணப்பிக்கலாம். ஏஜென்ட் யாராவது "உறுதியா முதல் ரவுண்டு"ன்னு சொன்னா, அந்தக் கமிட்டி பதில் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.