ஆளு தாவினா ஆட்டம் எங்க மாறுது? ரெஸ்லிங் கம்பெனிகளோட காலி சீட்டு கணக்கு

தண்டையார்பேட்டைல எங்க தெரு பசங்களுக்கு ரெஸ்லிங் முதல்ல டிவியில வரல, பொட்டிக்கடை கார்டுலதான் வந்துச்சு. ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், ரேங்க்னு நம்பர் போட்டிருக்கும், பெரிய நம்பர் சொன்னவன் அடுத்தவன் கார்ட புடுங்கிக்குவான், பிக் ஷோ கைல இருந்தா வெயிட் சொல்லியே அன்னிக்கு பொழுத ஓட்டிடலாம். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிருன்னு அடிச்சு சொன்ன ஒருத்தன் இன்னிக்கு ஹார்பர்ல வேல பாக்குறான், இப்ப கேட்டாலும் முழுசா இல்லன்னு சொல்ல மாட்றான்.

அந்த கார்டால எங்க மண்டையில ஏறின தப்பு கணக்கு இன்னான்னா, ஒரு ஆளோட மவுசு அந்த ஆளு கூடவே போகும், இந்த கம்பெனிய வுட்டு அந்த கம்பெனிக்கு தாவினா அப்படியே மொத்தமும் அங்க போயிடும்னு. ஆனா சண்டையோட முடிவு முன்னாடியே எழுதினது, அது எல்லாருக்கும் தெரியும். அப்போ எவ்ளோ பலசாலிங்கிறது கேள்வியே இல்ல, எந்த எடத்துல நிக்க வெக்கிறாங்கங்கிறதுதான் கேள்வி. ஒரு ஷோவுல கடைசி பெரிய சண்டைக்கு லாயக்கா நாலஞ்சு பேருதான் நிக்க முடியும், அதுக்கு கீழ மிட் கார்டுன்னு சொல்ற நடு எடத்து ஆளுங்க, அதுக்கும் கீழ வந்து அடி வாங்கிட்டு போறவங்க. ஸோ புதுசா ஒருத்தர் வந்தா யாராவது ஒருத்தர் எறங்கணும், ஒருத்தர் போனா ஒரு சீட்டு காலியாகும். என்ன கேட்டா வந்த ஆள விட காலியான சீட்டுதான் பெரிய விஷயம்.

கதைக்கு வருவோம். 1995 செப்டம்பர் 4, டபிள்யூசிடபிள்யூ கம்பெனி நைட்ரோன்னு ஒரு ஷோ ஆரம்பிச்சு, டபிள்யூடபிள்யூஎஃப் (இன்னிக்கு டபிள்யூடபிள்யூஇ) நடத்தின ராங்கிற ஷோவுக்கு நேர் எதிரா அதே திங்கக்கிழமை ராத்திரியே போட்டாங்க. முதல் நாளே லெக்ஸ் லூகர் வந்து நிக்கிறாரு, முந்தின நாள் ராத்திரி வரைக்கும் எதிர் கம்பெனிக்கு சண்ட போட்ட மனுஷன். 1996 மே 27 ஸ்காட் ஹால், ஜூன்ல கெவின் நாஷ். இவங்க ரெண்டு பேரும் எதிர் கம்பெனி அனுப்பி உள்ள பூந்த ஆளுங்க மாதிரியே நடிச்சாங்க, ஜனங்களும் ஒரு நிமிஷம் நம்பிட்டாங்க. எங்க ஏரியா தாத்தாங்களுக்கு இது ஈஸியா புரியும், சார்பட்டா பரம்பரை ஆளு இடியாப்ப நாயக்கர் பரம்பரை பக்கம் போய் நின்னா தெருவே கொதிக்கும்ல, அந்த ரோசத்ததான் இவங்க டிவியில வித்தாங்க. ஜூலை 7 அன்னிக்கு ஹல்க் ஹோகனே வில்லனாகி இவங்க கூட சேந்தாரு, அந்த ஜூன்ல இருந்தே நைட்ரோ தொடர்ந்து 83 வாரம் ரேட்டிங்ல ராவ அடிச்சுது.

இதுவரைக்கும் பாத்தா கார்டு கணக்குதான் கரெக்ட்டு மாதிரி தெரியும். இப்ப ஆளுங்கள பறிகொடுத்த பக்கம் பாருங்க. ஹாலும் நாஷும் கிளம்புறதுக்கு முன்னாடி, 1996 மே 19, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல கடைசி மேட்ச் முடிஞ்சதும் கதைப்படி எதிரிகளா இருந்த ஷான் மைக்கேல்ஸும் ட்ரிபிள் ஹெச்சும் ரிங்லயே அவங்கள கட்டிப்புடிச்சு வழியனுப்பினாங்க. நல்லவனும் கெட்டவனும் ஜனங்க முன்னாடி கட்டிப்புடிச்சா கதையே கந்தல், ஓனர் சைடுல செம கடுப்பு. நாஷும் ஹாலும் போயிட்டாங்க, மைக்கேல்ஸ் அப்ப சாம்பியன், அவர் மேல கை வெக்க முடியாது, மாட்டினது ட்ரிபிள் ஹெச். அந்த வருஷம் கிங் ஆஃப் தி ரிங் போட்டிய அவர் ஜெயிக்கிறதாதான் பிளான், அத புடுங்கி ஸ்டீவ் ஆஸ்டினுக்கு குடுத்தாங்க. ஜூன் 23, ஜெயிச்ச கையோட மைக்க புடிச்சு ஆஸ்டின் பேசினதுதான், பைபிள் வசனம் யோவான் 3:16ஐ கிண்டல் பண்ணின அந்த ஆஸ்டின் 3:16 டயலாக். அடுத்த மூணு வருஷம் அந்த டீ-ஷர்ட் வித்த வித்துல கம்பெனி எழுந்து நின்னுச்சு. இந்த ஆஸ்டின் யாரு, 1995ல அடிபட்டு கெடந்தப்ப இதே டபிள்யூசிடபிள்யூ போன்லயே வேலைய வுட்டு தூக்கின ஆளு!

பீச் ஸ்டேஷன் பக்கம் நான் ரெகுலரா சாப்புட்ற அத்தோ கடையில கிட்டத்தட்ட இதே கத நடந்துச்சு. ரெண்டு வண்டி பக்கத்து பக்கத்துல, ஒரு வண்டியில நூடுல்ஸ்ல முட்டகோஸ், வெங்காயம், புளித்தண்ணி எல்லாம் போட்டு கையாலயே பெசையுற அண்ணன் ஒருத்தர், கூட்டம் அவருக்குத்தான். எதிர் வண்டிக்காரர் கூட துட்டு குடுத்து அவர இட்டுன்னு போயிட்டாரு. ஒரு மாசம் எதிர் வண்டியில செம கூட்டம். ஆனா அங்க ஏற்கனவே ஓனரோட மச்சான்தான் பெசையுறாரு, அண்ணன வாழத்தண்டு சூப்பு ஊத்துற எடத்துல நிக்க வெச்சுட்டாங்க. இந்தப் பக்கம், இத்தினி நாளா வெங்காயம் நறுக்கின்னு இருந்த பையன் வேற வழியில்லாம கைய வெச்சான், இப்ப நான் அவன்கிட்டதான் சாப்புட்றேன்.

டபிள்யூசிடபிள்யூல நடந்ததும் இந்த மச்சான் பிரச்சனைதான். ஹோகனோட கான்ட்ராக்ட்ல அவரோட கதைய அவரே முடிவு பண்ற உரிமை இருந்துச்சு, மேல இருந்த மத்தவங்களுக்கும் கியாரண்டி சம்பளம், எறங்குறதுக்கு யாருக்கும் அவசியமே இல்ல. கீழ கிறிஸ் ஜெரிக்கோ, எடி கெரேரோ மாதிரி பிரமாதமா ஆடுறவங்க ஸ்டாண்டிங்லயே டிராவல் பண்றாங்க, சென்ட்ரல்ல ஏறி கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரு சீட்டும் காலியாகாத மாதிரி. 1999 ஆகஸ்ட்ல ஜெரிக்கோ எறங்கி எதிர் வண்டியில ஏறிட்டாரு, 2000 ஜனவரி கடைசியில கெரேரோவோட சேத்து நாலு பேரு ஒரே நாள்ல. 2001 மார்ச்ல அந்த கம்பெனியையே டபிள்யூடபிள்யூஎஃப் வாங்கிடுச்சு. டபிள்யூசிடபிள்யூ ஷோ ஓடின டிவி சேனல்ல மேல் எடத்துல நடந்த மாற்றமும் பெரிய காரணம், அத மறைக்கல, ஆனா மேல அடைச்சுக்கிட்டு நின்னது ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்ச நோய்.

சரி, ஒரு ஆளு வந்தா அப்படி என்னதான் வருது? புது ஜோடி வருது. மேல 10 பேரு இருந்தா 45 விதமா ஜோடி போடலாம், பதினோராவது ஆளு வந்தா இன்னும் 10 புது மேட்ச். எல்லாத்தையும் ஒரு தடவ காட்டி முடிச்சா அதுவும் பழசு, அதான் புது வரவோட ஜோரு சில மாசத்துல எறங்கிடுது. இதையே திருப்பி பாருங்க. 2002 மார்ச் 25 அன்னிக்கு டபிள்யூடபிள்யூஎஃப் தன் ஆளுங்களையே ரா, ஸ்மாக்டவுன்னு ரெண்டு ஷோவுக்கா பிரிச்சுது. 10 பேர 5, 5ஆ வெட்டினா ஒரு பக்கம் 10, இன்னொரு பக்கம் 10, ஆக மொத்தம் 20 மேட்ச்தான் மிச்சம், மீதி 25ம் பூட்டி வெச்சாச்சு. முட்டாள்தனமா தெரியுதா? ஆனா மேல் சீட்டு டபுளாகுது, பூட்டி வெச்ச 25ஐ பின்னாடி ஒண்ணொண்ணா எடுத்து விக்கலாம். எதிரி கம்பெனிய வாங்கிட்டதால தானே தனக்கு எதிரி ஆகிட்டாங்க.

தாவும்போது கூட வராத இன்னொண்ணு பேரு. ஸ்காட் ஹால் அங்க ரேசர் ரமோன், நாஷ் அங்க டீசல், ரெண்டு பேரும் கம்பெனி சொத்து. அவங்க போனப்புறம் 1996 செப்டம்பர்ல டபிள்யூடபிள்யூஎஃப் வேற ரெண்டு பேருக்கு அதே வேஷம் போட்டு, அதே பேரு வெச்சு எறக்கிச்சு. ஜனங்க காறி துப்பாத குறைதான். ஆனா அந்த டூப்ளிகேட் டீசல் யாரு தெரியுமா, க்ளென் ஜேக்கப்ஸ், அடுத்த வருஷம் அக்டோபர்ல சிகப்பு முகமூடி போட்டு கேனா வந்து எங்க தெரு பசங்கள நடுங்க வெச்ச அதே ஆளு. அடுத்தவர் சீட்டுல ஒக்கார வெச்சா ஜோக்கர், அவருக்குன்னே ஒரு சீட்டு செஞ்சு குடுத்தா எமன்.

நம்ம ஊரு ஆளுங்க நிறைய பேருக்கு புரியாம போன ஜிந்தர் மஹால் மேட்டரும் இதே கணக்குதான். கனடாவுல பொறந்த பஞ்சாபி, ராவுல அடி வாங்கிட்டு போற லிஸ்ட்ல இருந்தவரு. 2017 ஏப்ரல்ல ரெண்டு ஷோவுக்கும் நடுவுல ஆளுங்கள மாத்தினப்ப ஸ்மாக்டவுன்ல இருந்து ப்ரே வயட், டீன் ஆம்ப்ரோஸ், தி மிஸ்னு மூணு பேரும் ராவுக்கு போயிட்டாங்க, மேல பெரிய ஓட்டை. ஜிந்தர் ராவுல இருந்து இந்தப் பக்கம் வந்தாரு, மே 21 அன்னிக்கு ராண்டி ஆர்ட்டன தோக்கடிச்சு சாம்பியன். இந்தியா மார்க்கெட் மேல கண்ணுன்னு எல்லாரும் சொன்னாங்க, இருக்கட்டும், அவரு ராவுலயே இருந்திருந்தா அங்க ரோமன் ரெய்ன்ஸையும் ப்ராக் லெஸ்னரையும் தாண்டி எங்க ஒக்கார வெக்கிறது? எங்க மாமா மட்டும் நம்மாளு ஜெயிச்சுட்டான்பான்னு தெரு முனை கடையில டீ வாங்கி குடுத்தாரு. நவம்பர்ல ஏஜே ஸ்டைல்ஸ்கிட்ட பெல்ட் போச்சு, 2018 ஏப்ரல்ல மறுபடியும் ராவுக்கு மாத்தினாங்க, அங்க மேல சீட்டு ஃபுல்லு, கொஞ்ச நாள்ல பழைய எடத்துக்கே வந்துட்டாரு.